உணவறைச் சுவரில் பத்தமடைப் பாய்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் உணவறை என்று தனியாக ஓர் அறை இல்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள பத்தடிச் சுவரை ஒட்டி மேசை போட்டிருக்கிறோம். அந்த இடத்தையே உணவறை என்று சொல்லிக்கொள்கிறோம். முன்பு குடியிருந்தவர்கள் நாட்காட்டி மாட்டிய இரண்டு ஆணித் துளைகளும், நாற்காலியின் முதுகு உரசி ஏற்படுத்திய கறுப்புக் கோடும், குழந்தைகளின் மஞ்சள் படிந்த விரல் தடங்களும்தான் அதுவரை அந்தச் சுவரின் அலங்காரங்கள். புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்பது நாங்களே விதித்துக்கொண்டது. இந்த இரண்டு வேலிகளுக்குள் நின்று நாங்கள் தேர்ந்தெடுத்தது பத்தமடைக் கோரைப் பாய். அது ஓராண்டு முழுவதும் சுவரில் தொங்கிய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பாய்க்கு முன்பு ஒரு தவறு செய்தோம். செங்கல் சுவர் போலப் புடைத்துத் தெரியும், பின்பக்கம் பசை தடவிய நுரைத் தகடுகளை இணையத்தில் வாங்கி ஒட்டினோம். முதல் வாரம் அழகாகத்தான் இருந்தது. தாளிப்புப் புகையில் வரும் எண்ணெய்ப் பிசுக்கு செங்கல் இடுக்குகள் போன்ற பள்ளங்களில் படிந்தது. துணியால் துடைத்தால் பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாகப் போயிற்று. சித்திரை வெயிலில் ஓரங்கள் சுருண்டு எழுந்தன. கடைசியில் பிய்த்து எடுத்தபோது, பட்டி பார்த்த பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அடுக்களைக்கு அருகில், எளிதில் தீப்பிடிக்கும் நுரைப் பொருளைச் சுவர் முழுவதும் ஒட்டுவது சரிதானா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. ஒட்டுவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது.

பெயர்ந்த இடங்களுக்குப் பட்டி வைத்துத் தேய்த்த பின், கழுவக்கூடிய எமல்ஷன் வண்ணத்தில் இரண்டு லிட்டர் வாங்கினோம்: ஒன்று வெள்ளை, மற்றொன்று காவி. பழைய வீடுகளின் சுவர் அடியில் காவிப் பட்டை தீட்டுவது வெறும் அழகுக்காக அன்று, அழுக்கு தெரியாமல் இருப்பதற்காகவும்தான் என்பது நாற்காலி முதுகு உரசும் சுவரைப் பார்த்தால் விளங்கும். தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரம் வரை காவியும், அதற்கு மேல் வெள்ளையும் நாங்களே இரண்டு பூச்சு அடித்தோம். வீட்டுக்காரர் மகிழ்ச்சியுடன் இசைந்தார். செலவு அவருடையது அல்லவே.

இனி பாய். பத்தமடை, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள ஊர். தாமிரபரணிப் பகுதியில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, கீறி, ஊறவைத்துப் பதப்படுத்தி, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையைக் குறுக்கே ஊடாகவும் வைத்து அங்கே நெய்கிறார்கள். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. துணியைப் போல மடியக்கூடிய, மிக நுண்ணிய கோரை இழைகளால் ஆன பட்டுப் பாய்தான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்களையும் பலர் அறிந்திருப்பார்கள். எங்கள் தேவைக்குப் பட்டுப் பாய் வேண்டியதில்லை. அதன் விலை எங்கள் மொத்தத் தொகையையே விழுங்கிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, அவ்வளவு நுண்ணிய வேலைப்பாட்டைச் சாம்பார் தெறிக்கும் சுவரில் மாட்டுவது நெய்தவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. இயற்கையான வைக்கோல் நிறத்தில், இரு முனைகளிலும் சிவப்பும் பச்சையும் கோடிட்ட, ஆறடிக்கு மூன்றடி அளவுள்ள நடுத்தர ரகப் பாயை 1,250 ரூபாய்க்கு நெசவாளர் வீட்டிலேயே வாங்கினோம். சுவரில் மாட்டப் போகிறோம் என்றதும் அந்த அம்மா சிரித்துவிட்டு, “மாட்டுங்க, ஆனா வெயில் விழாத சுவரா பாத்து மாட்டுங்க” என்றார். அந்தச் சொல்லை நாங்கள் போதிய அளவு மதிக்கவில்லை.

மாட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாயின் நீளவாக்கில் ஓடுவது நூல். அகலவாக்கில் கிடப்பது கோரை. குறுகிய பக்கத்தை மேலே வைத்துத் தொங்கவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. எங்களைப் போல நீளப் பக்கத்தை மேலே வைத்து மாட்ட வேண்டுமானால், கோரை செங்குத்தாக நிற்கும், நூல் மட்டுமே குறுக்கே ஓடும். இரண்டு முனைகளில் மட்டும் பிடித்தால் பாய் நடுவில் மடிந்து தொய்ந்துவிடும். ஆகவே மேல் ஓரம் முழுவதிலும் பருத்தித் துணியால் ஓர் உறை தைத்து, அதற்குள் மூங்கில் கழி ஒன்றைச் செருகினோம். தையற்காரர் இயந்திரத்தில் கொடுக்க மறுத்துக் கையாலேயே தைத்தார். இயந்திர ஊசி கோரையைப் பிளந்துவிடும் என்றார். கழியைத் தாங்குவதற்கு அந்தப் பழைய ஆணித் துளைகளே போதுமானவையாக இருந்தன. முன்பு குடியிருந்தவர்களுக்கு நன்றி. ஒரு துளை மற்றதைவிட அரை அங்குலம் தாழ்வாக இருந்ததை மட்டும் கயிற்றின் நீளத்தால் சரிசெய்தோம்.

உயரம் பற்றியும் ஒரு சொல். சுவரில் எதை மாட்டினாலும் நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மாட்டுவது நம் பழக்கம். உணவறையில் யாரும் நிற்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடிதான். எங்கள் பாயின் கீழ் ஓரம் காவிப் பட்டையின் மேல் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. நாற்காலி முதுகுக்கு மேலே மூன்று அங்குல இடைவெளி இருப்பதால் உரசலும் இல்லை. இருபுறமும் தலா ஒரு சிறிய பனையோலைச் சுளகு, அதாவது முறம். படம், பொன்மொழிப் பலகை, கடிகாரம் எதுவும் வைக்கவில்லை.

ஓராண்டில் கண்ட குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சன்னலை ஒட்டிய பக்கத்தில் மாலை வெயில் ஒரு மணி நேரம் விழுகிறது. அந்த முனையின் சிவப்புக் கோடு எட்டு மாதத்தில் வெளிறிவிட்டது, மறுமுனையின் சிவப்பு வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாயின் பின்புறம் சாம்பல் நிறப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் படர்ந்தது. கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டதும் போயிற்று. அதன் பிறகு கழியின் இரு முனைகளிலும் கட்டையைச் செருகிச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மாட்டியிருக்கிறோம். அந்த இடைவெளியில் ஒரு பல்லி குடிபுகுந்தது. சாப்பிடும்போது தலைக்கு மேலே அது எழுப்பும் ஒலிக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலன் சொல்கிறார்கள், குழந்தைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குழம்புத் தெறிப்பைப் பொறுத்தவரை, உடனே துடைத்தால் தடம் தெரிவதில்லை. காய்ந்துவிட்டால் மஞ்சள் கறை நிற்கிறது. கை கழுவும் தொட்டி மேசைக்கு அருகிலேயே இருக்கும் வீடுகளுக்கு இந்தப் பாயை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொத்தச் செலவு, வண்ணம் 700, பாய் 1,250, துணியும் தையலும் 150, மூங்கில் கழி 80, திருகாணியும் கயிறும் 40, சுளகுகள் இரண்டும் 240 என 2,460 ரூபாய். நுரைத் தகட்டுக்குக் கொடுத்த பணத்தை இதில் சேர்க்கவில்லை. அதைக் கற்றுக்கொண்டதற்கான கட்டணமாக வேறு கணக்கில் எழுதிவிட்டோம்.

பொங்கலுக்கு உறவினர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மேசையில் ஆறு பேர்தான் உட்கார முடியும். பெரியவர்களோ மேசையில் இலை போட்டுச் சாப்பிட மாட்டோம் என்றார்கள். உறையிலிருந்து கழியை உருவி, பாயைத் தரையில் விரித்துப் பந்தி வைத்தோம். மாலையில் உதறி மீண்டும் மாட்டும்போது ஒரு மூலையில் ரசம் சிந்திய தடம் தெரிந்தது. அந்த மூலை இப்போது சுளகின் பின்னால் இருக்கிறது.