"எவ்வளவு தருவீர்கள்?" என்பதா, "இதற்குச் சம்மதமா?" என்பதா?

சுத்தமான நீருக்கு மக்கள் தரும் மதிப்பை அறிய, "எவ்வளவு தருவீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். செலவு குறைவு. ஆனால் ஆற்றை யாரும் கடையில் விலை கேட்டதில்லையே! பலர் விழிப்பார்கள், சிலர் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள்.

அடுத்தது வாக்கெடுப்பு மாதிரி: "நீரைச் சுத்தமாக்க வரி இவ்வளவு கூடும், சம்மதமா?" ஆம், இல்லை, அவ்வளவுதான். ஆளுக்கொரு தொகை சொல்லிக் கேட்பதால் நிறையப் பேர் தேவை. 1989இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, இயற்கை கெட்டதால் மக்களுக்கு ஏற்பட்ட இழப்பை இப்படித்தான் கணக்கிட்டார்கள்: சுமார் 280 கோடி டாலர். 1993இல் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான நிபுணர் குழுவும் இதையே பரிந்துரைத்தது.

என் ஓட்டும் இதற்குத்தான். என்ன, கையிலிருந்து காசு போகாதவரை 'ஆம்' சொல்வது சுலபம். அதனால்தான், மற்ற செலவுக்குப் பணம் குறையும் என்பதையும் நினைவூட்டிவிட்டுக் கேட்கச் சொன்னது அந்தக் குழு.