வீழ்படிவா, சோல்-ஜெல்லா, நீர்வெப்ப முறையா? கொழும்பு ஆய்வுகூடத்தில் நாக ஒட்சைட்டு நனோ தூள்

கொழும்பில் இரசாயனவியல் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு நனோ பொருள் ஒன்றைத் தெரிவுசெய்யும் மாணவர்கள் பலர் கடைசியில் நாக (துத்தநாக) ஒட்சைட்டிலேயே வந்து நிற்கிறார்கள். மூலப்பொருள் மலிவானது, வூர்ட்சைட்டு என்னும் அறுகோணப் பளிங்கமைப்பும், கரைசலிலிருந்து செய்யும் எந்த ஈரமுறையிலும் பெரிய சிரமமின்றி உருவாகிவிடும். எனவே வீழ்படிவு, சோல்-ஜெல், நீர்வெப்பம் என்னும் மூன்று முறைகளையும் ஒப்பிடும்போது தூள் கிடைக்குமா என்பதை விட்டுவிட்டு, எத்தகைய தூள் கிடைக்கும், அதை இங்குள்ள ஈரக்காற்றிலும் மின்வசதியிலும் மீண்டும் அதேபோல் செய்ய முடியுமா என்பதையே பார்க்க வேண்டும்.

வீழ்படிவு முறையைப் பலரும் சற்று இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது நியாயமன்று என்பது என் கருத்து. நாக நைத்திரேற்றுக் கரைசலைச் சுமார் 70 பாகை செல்சியஸில் வைத்துக் கலக்கியபடி, அளவியிலிருந்து சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டால், ஐதரொட்சைட்டாக நின்றுவிடாமல் பெரும்பாலும் நேரடியாகவே ஒட்சைட்டு இறங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால், காரம் விழும் இடத்தில் மிகைநிரம்பல் (கரையக்கூடிய அளவை மீறிய செறிவு) தாறுமாறாகி, துணிக்கைகளின் பருமன்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். காரம் அளவுக்கு மீறினால், நாகம் ஈரியல்புடையது (அமிலத்தோடும் காரத்தோடும் தாக்கமுறுவது) என்பதால், இறங்கிய வீழ்படிவே சிங்கேற்று என்னும் நாக அயனாக மீண்டும் கரையத் தொடங்கும். பெரிய அளவுக்கு எடுத்துச்செல்ல இதைவிட எளிதான வழி இல்லை. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்று 2017இல் வெளிவந்த, யூரியாவை மெதுவாக விடுவிக்கும் ஐதரொட்சிஅபடைற்று உரம், கல்சியம் ஐதரொட்சைட்டுத் தொங்கலோடு பொசுபோரிக் அமிலத்தைத் தாக்கமுறச் செய்து, இதே வீழ்படிவு வழியில் பெறப்பட்டதே.

இம்முறையின் உண்மையான வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. மையநீக்கியில் முதல் தடவை சுழற்றும்போது மேல்நீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். மூன்றாம் தடவை பால்போல் கலங்கி நிற்கும். உப்பு அயன்கள் நீங்க நீங்க, ஒரே ஏற்றமுடைய துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளி நீரிலேயே மிதப்பதால் அவ்வாறு நேர்கிறது. ஆகவே அந்தக் கலங்கல் தூள் சுத்தமாகி வருவதன் அறிகுறி. அதை அறியாத காலத்தில், கலங்கிய நீரோடு தூள் வீணாய்ப் போகிறதே என்று அஞ்சி இரண்டாம் கழுவலோடு நிறுத்திவிட்டோம். எக்ஸ்ஆர்டி (பளிங்கில் பட்ட எக்ஸ்-கதிர் எந்தெந்தக் கோணங்களில் வலுவாகத் திரும்புகிறது என்று காட்டும் சோதனை) வரைபில் 29.4 பாகைக் கோணத்தில், இருக்கக்கூடாத ஓர் உச்சி எழுந்தது. புதியதொரு கார நாக உப்பைக் கண்டுவிட்டோம் என்று ஒரு வாரம் நம்பியிருந்தோம். அதே தூளை மீண்டும் நீரில் கழுவியதும் உச்சி மறைந்தது. அது வெறும் சோடியம் நைத்திரேற்று. மேல்நீர் கலங்கினால் கொட்டிவிடாமல் சுழற்சி வேகத்தைக் கூட்டுவதோ, சிறிது எதனோல் சேர்ப்பதோ போதும்.

கரைசலைக் கூழாக்கி அதிலிருந்து ஒட்சைட்டைப் பெறும் சோல்-ஜெல் முறை, மெல்லிய படலம் தேவைப்படுபவருக்கு ஈடற்றது. தூள் மட்டுமே வேண்டுபவருக்குச் செலவு கூடியது. நாக அசற்றேற்றை எதனோலில் கரைத்து, மொனோஎதனோலமீன் சேர்த்துத் தொடங்கினால் கொழும்பின் ஈரப்பதன் அதிகம் தொல்லை தருவதில்லை. தைத்தேனிய ஒட்சைட்டுக்கான மூலப்பொருளாகிய, ஈரத்தோடு உடனே தாக்கமுறும் தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டுக்கு மாறினால் கதையே வேறு: மழைக்காலத்தில் போத்தலைத் திறந்து மூடுவதற்குள் அதன் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். அசற்றிக் அமிலமோ அசற்றைலசற்றோனோ சேர்த்து நீர்ப்பகுப்பைத் தாமதப்படுத்தாமல் அதைத் தொடக்கூடாது. புல்மோட்டை மணலில் இல்மனைற்று, உரூத்தைல் என்னும் தைத்தேனியக் கனிமங்கள் குவிந்து கிடக்கும் நாட்டில், தைத்தேனியத்தைச் சிறு போத்தலில் இறக்குமதி செய்து, அதையும் காற்றுக்குப் பறிகொடுப்பது மனத்துக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

வடிவத்தைக் கட்டுப்படுத்துவதில், மூடிய கலத்தில் நீர்க்கரைசலைச் சூடாக்கும் நீர்வெப்ப முறையை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. தெப்லோன் உள்ளுறையில் 60 முதல் 80 வீதம் வரை மட்டும் நிரப்பி, உருக்கு உறையை இறுக்கி, 160 பாகை செல்சியஸில் 12 மணித்தியாலம் வைத்தால், தாக்கிகளின் அளவைச் சரியாகத் தெரிவுசெய்திருந்தால், நேர்த்தியான அறுகோணக் கோல்கள் வளரும். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் இடையறாதிருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், ஒரே வெப்பமேற்றலை மூன்று துண்டாகச் செய்து பார்த்தோம். நுணுக்குக்காட்டிப் படத்தில் நீண்ட கோல்களும் அவற்றிடையே குட்டைக் கோல்களும் கலந்து கிடந்தன.

பண்பறியும் கருவிகளுக்கிடையிலும் இதே போட்டி உண்டு. எக்ஸ்ஆர்டி மலிவானது, 31.8, 34.4, 36.3 பாகைகளில் மூன்று உச்சிகளும் தெரிந்தால் கட்டமைப்பு உறுதி. கோல்களாக இருந்தால் 34.4 பாகை உச்சி மற்றவற்றைவிட ஒடுங்கியிருக்கும், ஏனெனில் நீள அச்சு அந்தத் திசையில்தான் வளர்கிறது. உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் பருமனைக் கணிக்கும், 1918இல் வந்த ஷெரர் சமன்பாட்டைப் பயன்படுத்துவோர் கருவியால் வரும் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். 36.3 பாகையில் 0.5 பாகை அகலம் ஏறத்தாழ 17 நனோமீற்றரைத் தரும்; அதில் 0.1 பாகை கருவியுடையது என்று நேராகக் கழித்தால் 21 ஆகிவிடும். அதுவும் பளிங்குத் துண்டின் பருமனே ஒழிய, துணிக்கையின் பருமன் அன்று. ஒளிச்சிதறல் முறையோ திரளைகளையே பெரிதாகக் காட்டும்: சிறு துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளி, அவற்றின் விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு கூடுவதால், நூற்றில் ஒரு பெருந்திரளையே முடிவைக் கவிழ்த்துவிடும். புறஊதா உறிஞ்சலில் 370 நனோமீற்றருக்கு அருகே விளிம்பு தெரிந்தால் அது நாக ஒட்சைட்டுக்குப் பொருந்துகிறது என்று மட்டும் எழுதுங்கள். 20 நனோமீற்றர்த் தூளுக்குக் குவாண்டம் விளைவு (மிகச் சிறிய பருமனால் உறிஞ்சல் விளிம்பு இடம் மாறுவது) என்று எழுதுவது வேண்டாத வேலை.

என் தெரிவு இதுதான்: கோல் தேவையில்லையெனில் வீழ்படிவு முறை, எல்லா மாதிரிகளுக்கும் எக்ஸ்ஆர்டி, எஞ்சும் பணத்தில் ஒரேயொரு மாதிரிக்கு ஊடுகடத்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டி. அந்த மாதிரியை உலர்த்திய தூளிலிருந்து எடுக்காமல், கடைசிக் கழுவலில் பால்போல் கலங்கி நின்ற குழாயிலிருந்து ஒரு துளியாக எடுத்துச் செல்வது நல்லது.