காட்ஃபாதர் இரண்டாம் பாகம்: முதல்முறை பார்க்கப்போகிறவர்களுக்கு

மொத்தம் 202 நிமிடம். 1974-இல் வந்த இந்த மாஃபியா குடும்பப் படம், முதல் பாகம் பார்த்தவர்களை நம்பி எடுக்கப்பட்டது. ஃபிரெடோ யார், டாம் ஹேகனுக்குக் குடும்பத்தில் என்ன இடம் என்று மறுபடி விளக்காது. முதல் பாகத்தை அதே வாரத்தில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கதை இரண்டு காலத்தில் மாறிமாறி ஓடும். 1901-இல் சிசிலியில் தொடங்கும் வீட்டோவின் வாழ்க்கை ஒன்று. 1958-இல் நெவாடாவில் தொடங்கும் மகன் மைக்கேலின் வாழ்க்கை இன்னொன்று. அப்பா குடும்பத்தைச் சேர்க்கச் சேர்க்க, மகன் இழந்துகொண்டே போகிறான். படத்தின் உயிரே இந்த மாறிமாறி வரும் அடுக்கில்தான் இருக்கிறது. காலவரிசைப்படி திருத்தி 1977-இல் தொலைக்காட்சிக்குத் தந்த வடிவத்தை முதல்முறைக்குத் தொடவே வேண்டாம்.

இளம் வீட்டோவாக வரும் ராபர்ட் டி நீரோ பேசுவது பெரும்பாலும் சிசிலிய மொழி. சப்டைட்டிலை அடியோடு அணைத்தால் வீட்டோ பகுதி புரியாது.

தடுமாற வைக்கும் இடம், மைக்கேல் குடும்பத்தின் நியூயார்க் தளபதி பென்டாஞ்சலி, மைக்கேலின் தொழில் கூட்டாளி ரோத், பென்டாஞ்சலியின் எதிரிகளான ரொசாட்டோ சகோதரர்கள் விவகாரம். மதுக்கடையில் பென்டாஞ்சலியின் கழுத்தில் கயிறு விழும்போது ஒருவன் மைக்கேலின் பெயரைச் சொல்வான். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தச் சதியைத் திரைக்கதை கடைசிவரை தெளிவாக அவிழ்ப்பதில்லை. படத்தின் உண்மையான குறை இது. முதல் பாகத்தில் குடும்பத்தின் தளபதி கிளெமென்ஸாவாக நடித்தவர் திரும்பி வராததால் உருவான பாத்திரம் பென்டாஞ்சலி. ஆனால் அதில் வரும் நடிகர் மைக்கேல் கட்ஸோவின் நடிப்பில் மாற்று ஆள் என்ற எண்ணமே வராது. ரோத்தாக வரும் லீ ஸ்ட்ராஸ்பெர்க் குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார்.

ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். முகங்களில் பாதி இருட்டில் இருப்பது திட்டமிட்டுச் செய்தது. பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். டிவியை சினிமா மோடில் வைத்து, மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் வசதி) அணைத்து, விளக்கில்லாத அறையில் இரவில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தாஹோ ஏரி வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் பாதி தெரியாது.

ஒரே மூச்சில் பார்க்க முடியாதா? இரண்டு மணி நேரம் தாண்டியதும், வீட்டோ வாசற்படியில் குழந்தை மைக்கேலை மடியில் வைத்திருக்கும் காட்சி வரும். அங்கே நிறுத்துங்கள், வேறெங்கும் வெட்டாதீர்கள்.

ஓடிடியில் பார்த்தால் ஆட்டோபிளேயை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், மைக்கேலின் முகத்தோடு படம் முடிந்த கையோடு அடுத்த படத்தின் விளம்பரம் வந்து அதை மூடிவிடும்.