ஆன்டிபயாடிக் முடிந்த வயிற்றுக்குக் கேப்சூலா, பழஞ்சியா?

போன ஆனியில் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, ஏழு நாள் ஆன்டிபயாடிக் எடுத்தேன். பல்வலி மூன்றாம் நாளே போனது. ஐந்தாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. மார்த்தாண்டத்தில் வழக்கமாகப் போகும் மெடிக்கலில் புரோபயாடிக் கேப்சூல், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடைத்தது, தந்தார்கள். அம்மாவோ, “மக்களே, காலத்த பழஞ்சி குடி, சரியாவும்” என்றாள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற பழைய சோறுதான் பழஞ்சி. முதலில் ஒரு வாரம் கேப்சூல், பிறகு ஒரு மாதம் பழஞ்சி என்று இரண்டையும் பார்த்துவிட்டேன். என் சாய்வு பழஞ்சிப் பக்கம்.

விலையும் ருசியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தயிர், மோர் பிடித்தவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

கேப்சூலுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். எனக்குத் தந்ததில் இருந்தது பாக்டீரியா அல்ல, சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட். 1920களில் ஹென்றி பவுலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து பிரித்தெடுத்தது. நம் சந்தையில் மழைக்காலத்தில் குவித்து விற்கிற அதே மங்குஸ்தான்தான். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைத் தொடாது என்பதால், கோர்ஸ் நடக்கும்போதே எடுக்கலாம். எனக்கு இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. தானாகவே நின்றிருக்கவும் கூடும்.

ஆனால் கேப்சூலில் வருவது தங்காது. நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடும். தங்குவது நம் சொந்தக் குடிகள், அதாவது நம் குடலிலேயே வாழும் பாக்டீரியாக்கள். 2016இல் வெளியான கணக்குப்படி ஓர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், நம் செல்களோ சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. மருந்தில் மாண்டவை போக மிஞ்சியவை பெருகித்தான் அந்த இடம் நிறைய வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் பார்த்தபோது, ஆன்டிபயாடிக்குக்குப் பின் பல வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, சொந்தக் குடிகள் திரும்புவது எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. அது சிறிய ஆய்வு, கலவையும் வேறு. அதை வைத்து எல்லாக் கேப்சூலையும் தள்ள மாட்டேன்.

அப்படியானால் மிஞ்சியவற்றுக்கு யார் சோறு போடுவது? எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான். பழஞ்சியில் உள்ள புளிப்புக் கிருமிகளும் விருந்தாளிகளே, அவற்றுக்காக நான் குடிக்கவில்லை. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான்.

அம்மா சட்டியை சோப்பு போடாமல் கதம்பை நாரால் (தேங்காய் மட்டை நார்) தேய்ப்பாள். காலையில் மூடியைத் திறந்தால் சம்பாச் சோற்றின் மேல் கலங்கிய தண்ணீர், ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள், இலேசான புளிப்பு மணம். சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) காந்தாரி மிளகும் (காரமான குட்டி மிளகாய்) நசுக்கிப் போட்டுக் கையால் பிசைந்து தருவாள். சின்ன உள்ளியின் நாரும் அந்தக் குடிகளுக்குத் தீனிதான். ஒரே தீனி எல்லா வகைக்கும் போதாது என்பதால் பயறு, முருங்கைக்கீரை, சக்கக்குரு (பலாக்கொட்டை), பச்சை நேந்திரன்காய் என்று மாற்றி மாற்றிச் சேர்த்தேன்.

இது ஒரே ஒரு வயிற்றின் ஒரு மாத அனுபவம். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஈஸ்ட் கேப்சூல், பழஞ்சி இரண்டையுமே தொடக் கூடாது. சோற்றை நெடுநேரம் வெளியே வைக்காமல் ஆறியதுமே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.