ஆன்லைன் மீட்டிங்கோடு சில வருடங்கள்: மேசையில் தங்கியவை, இழுப்பறைக்குப் போனவை

2020-ல் வீட்டுக்கு வந்த வேலை எங்கள் குழுவில் திரும்பிப் போகவே இல்லை. பாடப்பொருள் தயாரிக்கும் சின்னக் குழு. எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். தினமும் புதிதாக ஏதாவது யோசித்தே ஆகவேண்டிய வேலை என்பதால் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டுப் போய்விட முடியாது.

வாங்கிய வாரமே எழுதப்படும் விமர்சனங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள் மேசைமேல் இருக்கிறதா, இழுப்பறைக்குள் போய்விட்டதா என்று பார்த்தால்தான் தெரியும். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலி. வீட்டில் இருந்து வேலை என்றதும் பலரும் கேமராவுக்குச் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கேமரா சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். குரல் கரகரத்தால் கேட்கிறவருக்கு அரை மணியில் தலை கனத்துவிடும். 2025-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே பேச்சை நல்ல மைக்கில் பதிந்ததுபோலவும், தகர டப்பா ஒலிபோலவும் போட்டுக் காட்டினார்கள். சொற்கள் இரண்டிலும் தெளிவாகவே புரிந்தன. ஆனால் தகர ஒலியில் பேசியவரைக் கேட்டவர்கள் அறிவுக்கூர்மையிலும் நம்பகத்தன்மையிலும் குறைத்தே மதிப்பிட்டார்கள். நாம் தயாரித்துக்கொண்டு போன யோசனைக்கு மைக் மதிப்பெண் போடுகிறது!

ப்ளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பாட்டு கேட்கும்போது அற்புதமாக இருக்கும் அதே இயர்போன், மீட்டிங்கில் நுழைந்ததும் பழைய தொலைபேசிபோல ஒலிக்கிறதா? அது பழுது இல்லை. மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான கருவிகளில் ப்ளூடூத் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் போகும் ஒலி, வரும் ஒலி இரண்டின் தரமும் இறங்கும். செலவில்லாத தீர்வு: செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு இயர்போனையும், மைக்குக்கு லேப்டாப்பின் உள்மைக்கையும் தேர்ந்தெடுங்கள். அறை அமைதியாக இருந்தால் இதுவே போதும். நான் கடைசியில் வந்து நின்றது வயர் வைத்த யூஎஸ்பி ஹெட்செட்டில். பார்க்க அழகில்லை. ஆனால் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, சார்ஜ் தீர்வதில்லை, தாமதமும் குறைவு.

தாமதம் என்பது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரம் இல்லை. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவில்தான் இருக்கிறது என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு ஒன்று காட்டியது. இணையத்தில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாண்டினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க", பிறகு இருவருமே மௌனம். பாதி யோசனை அந்த இடத்திலேயே ஆவியாகிவிடும். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறியபிறகு எனக்கு இந்த மோதல் கண்கூடாகக் குறைந்தது.

அடுத்தது, ஓரத்தில் தெரியும் நம் சொந்த முகம். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் 'ஜூம் சோர்வு' பற்றி எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைச் சொன்னார்: முகங்கள் மிக அருகிலிருந்து விடாமல் நம்மைப் பார்ப்பது, நம்மை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் படிக்கவும் காட்டவும் மூளை கூடுதலாக உழைப்பது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஒருவர் நம் பின்னாலேயே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் மூன்றிலுமே நம் முகத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. மற்றவர்களுக்கு நாம் தெரிந்துகொண்டேதான் இருப்போம். காசு கொடுத்து வாங்கிய எதையும்விட எனக்கு அதிகம் உதவியது இந்த இலவசப் பட்டன்தான். ஐந்துக்கு ஐந்து.

கேமராவையே அணைத்துவிட்டால்? 2021-ல் வந்த ஒரு கள ஆய்வில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்தார்கள். கேமரா போட்ட நாட்களில் சோர்வு கூடியது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இன்னும் கூடியது. சோர்ந்தவர்கள் கூட்டத்தில் பேசுவதும் குறைந்தது. கேமரா போட்டால்தான் ஈடுபாடு என்று பிடிவாதம் பிடிக்கும் மேலாளர்கள் இதைப் படிக்கவேண்டும். அதற்காக எப்போதும் கறுப்புக் கட்டங்களோடு பேசுவதும் சுகமில்லை. ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு எட்டுக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்களிடம் இப்போது இருக்கும் ஏற்பாடு: நலம் விசாரிக்கும் முதல் சில நிமிடம் எல்லோரும் போடுவோம், பிறகு அவரவர் விருப்பம். இரண்டு பேர் மட்டும் பேசினால் கடைசிவரை போட்டே இருப்போம்.

இனி முக்கியமான விஷயம்: புது யோசனை. மெலனி பிரக்ஸ், ஜோனதன் லெவாவ் இருவரும் 2022-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒரு பொருளுக்குப் புதுப்புதுப் பயன்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நேரில் உட்கார்ந்த ஜோடிகளைவிட வீடியோவில் பேசிய ஜோடிகளுக்கு யோசனைகள் குறைவாகவே வந்தன. ஐந்து நாடுகளில் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களிடம் செய்தபோதும் இதே முடிவு. வீடியோவில் பார்வை திரையிலேயே நிலைத்துவிடுகிறது, பார்வை குறுகும்போது எண்ணமும் குறுகுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை. பலரும் முதல் பாதியைப் படித்துவிட்டு 'ஆன்லைனில் படைப்பாற்றல் செத்துவிடும்' என்று புலம்புகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் பயன்பட்டது.

எங்கள் குழுவில் அதையே நடைமுறையாக்கினோம்: யோசிப்பது திரைக்கு வெளியே, தேர்ந்தெடுப்பது மீட்டிங்கில். முந்தைய நாளே ஒரே ஒரு கேள்வி எல்லோருக்கும் போய்விடும். 'அடுத்த பாடம் எப்படி இருக்கலாம்?' என்பதுபோல அகலமான கேள்வி இல்லை; 'பின்னத்தைப் படமே இல்லாமல், ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா?' என்பதுபோல இறுக்கமானது. அவரவர் காகிதத்தில் கிறுக்கி, போட்டோ எடுத்துப் பொது ஆவணத்தில் ஒட்டிவிடுவோம். மீட்டிங் தொடங்கியதும் பத்து நிமிடம் மைக் மூடி, கேமரா மூடி, எல்லோரும் படிப்போம், ஓரத்தில் எழுதுவோம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கூடி உட்கார்ந்து சத்தமாக யோசிப்பவர்களைவிட, தனித்தனியே யோசித்துப் பட்டியலைச் சேர்ப்பவர்களுக்கு அதிக யோசனை கிடைக்கிறது என்பது 1958-லேயே யேலில் தெரிந்துவிட்டது. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும், காத்திருக்கும்போது யோசனை மறந்துபோகும், அல்லது 'இது அவ்வளவு முக்கியமில்லை' என்று தோன்றிவிடும். வீடியோ மீட்டிங்கில் இந்த வரிசை இன்னும் கெடுபிடியானது. நேரில் ஒரு மேசையில் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் ஓடலாம். இங்கே ஒரு குரலுக்குத்தான் இடம்.

ஆரம்பத்தில் அந்தப் பத்து நிமிட மௌனம் எல்லோருக்கும் நெளிவாக இருந்தது. "கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போகப்போகப் பழகிவிட்டது. வாயே திறக்காத எங்கள் ஓவியர் ஒருவரின் குறிப்புகள் அடிக்கடி தேர்வாகத் தொடங்கியதும் இந்த முறையை யாரும் கேள்வி கேட்கவில்லை. வாக்களிக்கும்வரை யார் எழுதியது என்று பெயர் போடாமல் இருப்பது அவசியம். பெயர் தெரிந்தால் மூத்தவர் குறிப்பின்மேல்தான் கைகள் போகும்.

டிஜிட்டல் ஒயிட்போர்டுகளுக்கு இரண்டரை நட்சத்திரம். முதல் மாதம் கலர்கலராகக் குறிப்பு ஒட்டி ஒரே கொண்டாட்டம். மூன்றாம் மாதம் யாரும் திறப்பதில்லை. பெரிதாக்கிச் சிறிதாக்கி ஒட்டிய குறிப்பைத் தேடுவதிலேயே நேரம் போகிறது. நூறு குறிப்புகளை வகை பிரிக்க நல்லது. யோசிக்க, சாதா ஆவணம் போதும்.

நடந்துகொண்டே பேசுவது என்னிடம் நிலைத்துவிட்ட இன்னொரு பழக்கம். 2014-ல் ஒப்பெசோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் செய்த ஆய்வில் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட புது யோசனைகள் கூடுதலாக வந்தன. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் சொற்புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். என் அனுபவமும் அப்படியே. கதைக்கரு பேச வேண்டுமென்றால் இருவரும் வீடியோ இல்லாமல் போனில் நடப்போம். பட்ஜெட், பிழைதிருத்தம் என்றால் உட்கார்ந்துவிடுவோம். மூன்று பேருக்குமேல் இது எடுபடவில்லை.

கவனம் சிதறாமல் இருக்க நான் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கைக்கு வேலை கொடுப்பது. கை சும்மா இருந்தால் அது மெயிலைத் திறக்கும். ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009-ல் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே காகிதத்தில் வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29% அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். என் நோட்டின் ஓரமெல்லாம் கட்டங்களும் வளைவுகளுமாக இருப்பது இதனால்தான். இரண்டாவது மானிட்டரை மீட்டிங் நேரத்தில் அணைத்துவிடுவேன். வரைய அது தேவை. கேட்க அது எதிரி.

காலண்டர் பக்கம் வந்தால், கூகுளில் 30 நிமிடத்தை 25 ஆகவும் 60-ஐ 50 ஆகவும் சுருக்கும் செட்டிங் இருக்கிறது. இடைவேளையின் அருமைக்கு ஆதாரமும் உண்டு: 2021-ல் மைக்ரோசாஃப்ட் 14 பேரின் மூளை அலைகளை அளந்தது, இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து நடந்த கூட்டங்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, நடுவில் பத்து நிமிடம் விட்டபோது ஏறவில்லை. ஆனால் 25 நிமிடம் என்று போட்டாலும் பேச்சு அரை மணியைத் தொட்டே முடியும். அவுட்லுக்கில் 'தாமதமாகத் தொடங்கு' என்றொரு தெரிவு உண்டு. 10:00-க்குப் பதில் 10:05. மனிதர்கள் முடிப்பதை இழுப்பார்கள், தொடங்குவதை முன்னே தள்ளமாட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் நிஜமாகவே கிடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொம்மை உருவங்கள் நடமாடும் மெய்நிகர் அலுவலகம்: இரண்டு வாரம் சிரித்தோம், பிறகு மறந்தோம். பின்னணிப் படம்: தலைமுடி கரைந்து தெரியும்; மங்கலாக்கினால் போதும். 25 நிமிட டைமர் ஆப்: தனியாக எழுதும்போது பயன்படுகிறது. ஏஐ குறிப்பெடுப்பு: முடிவுகளையும் யார் பொறுப்பு என்பதையும் பிடித்துக்கொள்கிறது, ஆனால் இரண்டு மொழி கலந்த பேச்சில் தடுமாறுகிறது. அதைவிட, பதிவாகிறது என்று தெரிந்ததும் அரைகுறை யோசனைகளைச் சொல்ல ஆட்கள் தயங்குகிறார்கள். யோசிக்கும் கூட்டத்தில் அதை அணைத்துவைக்கிறோம்.

இன்னும் பிடிபடாத ஒன்று, புதிதாகச் சேர்கிறவர்கள். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தே கற்றுக்கொண்டவை எங்களுக்கு நிறைய. அவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இப்போது வாரம் ஒருமுறை ஒருவர் தன் திரையைப் பகிர்ந்தபடி வழக்கமான வேலையைச் செய்வார், புதியவர் பார்த்துக்கொண்டிருப்பார். வரைகலையில் நன்றாக வேலை செய்கிறது. எழுத்தில், யாரோ பார்க்கிறார்கள் என்றதும் எழுதுகிறவருக்கு வரியே ஓடுவதில்லை. அதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.