பொத்தானை மூடுவதா, கம்பியை அறுப்பதா?

சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் அக்காள் மகள் கேட்டாள்: "மாமா, மூளைக்கட்டிச் செல் பெருகுவதை எதைக் கொண்டு தடுப்பது?"

வீவக அடுக்குமாடி வீட்டு அழைப்புமணியை உவமை காட்டித்தான் விளக்கினேன். செல்லின் மேற்பரப்பிலுள்ள இ.ஜி.எஃப்.ஆர் ஏற்பி வெளிப்பொத்தான். வளர்ச்சிப் புரதம் வந்து அழுத்தினால், "பிரி, பெருகு" என்று உள்ளே மணி அடிக்கும்.

செடுக்ஸிமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து பொத்தானை மூடுகிறது. ஆளோ பெருத்த உருவம். ரத்த‑மூளைத் தடுப்பை, அதாவது மூளைக்குள் எதையும் எளிதில் விடாத ரத்தக்குழாய்ச் சுவரை, தாண்டத் திணறும். கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக்கட்டிகள் சிலவற்றில் பொத்தானே பிய்ந்துபோன திரிபு ஏற்பி இருக்கிறது. யாரும் அழுத்தாமலே ஓயாமல் அடிக்கும் மணிக்கு மூடி எதற்கு?

எர்லோடினிப் சின்ன மாத்திரை. செல்லுக்குள் புகுந்து, ஏற்பி உள்ளே செய்தி அனுப்பும் கம்பியை அறுக்கிறது. என் ஓட்டு இதற்கே, அதுவும் அரைமனதோடு. பி.டி.ஜி.எஃப்.ஆர், மெட் என்ற வேறு ஏற்பிகளான பக்கத்து மணிகளை அடித்தே கட்டி காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. மருத்துவ ஆய்வுகளிலும் பெரிய பலன் கிட்டவில்லை.