ரைடிங் மோவருக்கு ஆரமிட் டிரைவ் பெல்ட்: ரெண்டு சீசன் ஓட்டிட்டு எழுதுறேன்

டிரைவ் பெல்ட் எதுவா இருந்தாலும் மாட்டின அன்னிக்கு நல்லாத்தான் இழுக்கும், அதனாலதான் உடனே எழுதாம ரெண்டு சீசன் என் ரைடிங் மோவர்ல, அதாவது மேல உக்காந்து ஓட்டுற புல் வெட்டுற வண்டில, முழுசா புல் வெட்டி முடிச்சுட்டு இப்ப எழுதுறேன். வாங்கினது உள்ள ஆரமிட்ங்கற ரொம்ப உறுதியான செயற்கை நூல் ஓடுற, மேல துணி சுத்தின பெல்ட், அரை இன்ச் அகலம், வெளிச்சுத்து 95 இன்ச். கெவ்லார் பெல்ட்னு பொதுவா சொல்றாங்களே, அந்த வகைதான். எனக்கு ரொம்ப திருப்தி, 5க்கு 4 தாராளமா குடுப்பேன், அந்த ஒண்ண ஏன் புடிச்சு வெச்சேன்னு கீழ சொல்றேன்.

புதுசா வண்டி வாங்கினவங்களுக்காக ஒண்ணு. ரைடிங் மோவர்ல பொதுவா ரெண்டு பெல்ட் இருக்கும். வண்டிக்கு அடியில கத்திங்க இருக்குற தகரக் கூடுதான் டெக்; டெக் பெல்ட் கத்திய சுத்தும், டிரைவ் பெல்ட் எஞ்சின்ல இருந்து பின்னாடி டிரான்ஸ்மிஷனுக்கு போய் வண்டிய நகத்தும். கத்தி சுத்துது ஆனா வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குதுன்னா முதல்ல பாக்க வேண்டியது டிரைவ் பெல்ட்தான். நெறைய பேர் டிரான்ஸ்மிஷனே போச்சுன்னு பயந்துடறாங்க.

இதுக்கு முன்னாடி நான் ஒரு சாதாரண பெல்ட் போட்டு ஒரு சீசன் கூட தாங்கல. பழைய பெல்ட் மேல நம்பர் அழிஞ்சு போயிருந்துச்சு, மேனுவல்ல 95 இன்ச்னு இருந்துச்சு, கடைல கேட்டதும் ஏ 95னு ஒண்ண எடுத்துக் குடுத்தாங்க, நானும் 95தானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ஏ வரிசைல அந்த நம்பர் உள்சுத்து அளவு, மோவர் பெல்ட்டுக்கு சொல்றது வெளிச்சுத்து அளவு, ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் வித்தியாசம் வரும். 95 இன்ச் வெளிச்சுத்துன்னா மோவர் பெல்ட் நம்பர்ல 4எல் 950, ஏ வரிசைல ஏ 93தான் அதுக்கு பக்கத்துல வரும். நான் போட்டது 97 இன்ச் பெல்ட். ரெண்டு இன்ச் என்ன பண்ணிடப் போகுதுன்னு தோணும், ஆனா பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற சின்ன உருளைய ஐட்லர்னு சொல்வாங்க, ஸ்பிரிங் இழுக்குற அந்த ஐட்லர் கை இருக்கே, அது போக வேண்டிய கடைசி வரைக்கும் போய் முட்டி நின்னுருச்சு, அதுக்கு மேல இழுக்க ஸ்பிரிங்குக்கு எடமே இல்ல. சமதரைல ஓடிச்சு. லேசான மேடு வந்தா எஞ்சின் கத்துது, வண்டி நிக்குது, ரப்பர் கருகுற வாசனை மூக்குல ஏறுது. கழட்டிப் பாத்தப்ப பெல்ட்டோட ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, விரல் வெச்சா வழுக்குது.

அந்தப் பளபளப்புதான் முக்கியம். இந்த மாதிரி வி வடிவ பெல்ட் புல்லியோட அடியில உக்காந்து இழுக்கறதில்ல, புல்லில இருக்குற காடியோட (பள்ளத்தோட) ரெண்டு பக்கச் சுவத்துல ஆப்பு அடிச்ச மாதிரி இறுகித்தான் இழுக்குது. பக்கம் தேஞ்சு ஒல்லியாச்சுன்னா பெல்ட் காடிக்குள்ள எறங்கி அடிய தொட்டுடும், அப்புறம் எவ்வளவு ஸ்பிரிங் இழுத்தாலும் புடிக்காது. பெல்ட்ல எண்ணெய் பட்டாலும் இதே கதிதான். பெல்ட்டுக்குன்னு விக்கிற ஸ்பிரே அடிச்சா சரியாகும்னு சில பேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

இப்ப இந்த ஆரமிட் பெல்ட்டுக்கு வரேன். கைல எடுத்தாலே வித்தியாசம் தெரியும், மேல சொரசொரன்னு உலர்ந்த துணி, பக்கத்துல ரப்பர் தெரியாம முழுசா சுத்தியிருக்கு. இந்த வேலைக்கு அந்தத் துணி ரொம்ப அவசியம், ஏன்னா பிரேக் பெடல அமுக்கினா பெல்ட் தளரும், எஞ்சின் புல்லி மட்டும் அதுக்குள்ள சும்மா சுத்தும், அந்த நேரத்துல துணி வழுக்கி விட்டுக் குடுக்கும், பக்கம் வெட்டின வெறும் ரப்பர் பெல்ட்னா கவ்விக்கும், வண்டி திடுக்குனு குதிக்கும். உள்ள இருக்குற ஆரமிட் நூல் பாலியஸ்டர் மாதிரி நீளறதில்ல, பெடல் விடும்போது வர்ற அந்த இழுப்ப தாங்குது. மாட்டின அன்னிக்கு ஐட்லர் கை எந்த எடத்துல நின்னுச்சோ அங்க சேசில ஒரு மார்க்கர் கோடு போட்டு வெச்சிருந்தேன், போன வாரம் பாத்தேன், கோட்டுல இருந்து ஒரு விரல் அகலம் கூட நகரல.

மாட்டுறது ஒரு மத்தியான வேலை. சாவிய எடுத்துட்டு ஸ்பார்க் பிளக் வயர கழட்டி தள்ளி வெச்சுடுங்க, பேட்டரி நெகடிவையும் கழட்டிடுங்க, கத்திக்கு கிட்ட கை வைக்கிற வேலை இது, கிளவுஸ் கட்டாயம். டெக்க கீழ எறக்கி, டெக் பெல்ட்ட எஞ்சின் புல்லில இருந்து விடுவிச்சு, பின்னுங்கள உருவினா பக்கவாட்டுல இழுத்து வெளிய எடுத்துடலாம். கத்திய ஓட விடுற, நிறுத்துற எலக்ட்ரிக் கிளட்ச் இருந்தா அதோட வயர் கனெக்டர கழட்ட மறந்துடாதீங்க, நிறைய மாடல்ல கிளட்சையே எறக்கினாத்தான் மேல் புல்லில இருந்து டிரைவ் பெல்ட் வரும். பார்க்கிங் பிரேக்க போட்டா பல வண்டில பெல்ட் தானா தளந்துரும். பின்னாடி ஹைட்ரோஸ்டேட்டிக் (எண்ணெய் அழுத்தத்துல ஓடுற) டிரான்ஸ்மிஷன் மேல ஒரு சின்ன ஃபேன் இருக்கும், அதோட எறகு ஒவ்வொண்ணா தாண்டி பெல்ட்ட எடுக்கணும், பொறுமை போற எடம் அதுதான். ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பி ஏத்தவே ஏத்தாதீங்க, ஆரமிட் நூல் இழுத்தா தாங்கும், கூர்மையா மடங்கினா உள்ளயே ஒடிஞ்சுரும், அப்புறம் பெல்ட் ஓட்டத்துல பொரண்டு வெளிய குதிக்கும்.

பழைய பெல்ட்ட எடுக்குறதுக்கு முன்னாடி நாலு பக்கத்துல இருந்தும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. நான் எடுத்திருந்தும் தப்பு பண்ணேன். எல்லாம் மாட்டி முடிச்சு டெக்க உள்ள தள்ளப் போறேன், டார்ச் புடிச்சிட்டு இருந்த என் பையன் "அப்பா, அந்தக் கம்பிக்கு வெளிய போகுது பாருங்க"ன்னான். குனிஞ்சு பாத்தா ஐட்லர் பக்கத்துல பெல்ட் வெளிய வராம தடுக்குற காவல் கம்பிக்கு உள்பக்கம் போக வேண்டிய பெல்ட் வெளிப்பக்கம் உரசிட்டு இருக்கு. அப்படியே ஓட்டியிருந்தா கொஞ்ச நேரத்துல துணி கிழிஞ்சிருக்கும். அதனால பெல்ட்டோட வி பக்கம் காடி இருக்குற புல்லிலயும் முதுகு தட்டையான ஐட்லர்லயும் வருதான்னு ஒரு தரம், ஒவ்வொரு கம்பிக்கும் உள்ளதான் போகுதான்னு இன்னொரு தரம், விரலாலயே தடவிட்டுப் போய் பாத்துடுங்க.

பழைய பெல்ட்ட கழட்டி புதுச இன்னும் மாட்டாம இருக்குற அந்த நேரத்துல ஐட்லருங்கள சுத்திப் பாக்காம விடாதீங்க. என்னோட தட்டை ஐட்லர சுத்தினா மணல் அரைக்குற மாதிரி கரகரன்னு சத்தம், பக்கவாட்டுல ஆட்டினா ஆடுது. அதையும் சேத்து மாத்தினேன். அதை விட்டிருந்தா பேரிங் சூடாகி புது பெல்ட்டோட முதுக கருக்கியிருக்கும், நான் இங்க வந்து பெல்ட்ட திட்டி எழுதியிருப்பேன். இப்ப மேட்டுல பாதில நிறுத்தி மறுபடி கெளப்பினாலும் வழுக்காம ஏறுது, பின்னாடி புல் பை நிறைஞ்சு கனமா இருந்தாலும் அப்படித்தான்.

குறைன்னா, பாக்கெட்டுல சுத்து வழி படம் ஒண்ணு கூட வெக்கல, இந்த வேலைய முதல் தடவ பண்றவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! நம்பர பெயிண்ட்ல அச்சடிச்சிருக்காங்க, முதல் சீசன்லயே அழிஞ்சுருச்சு, அடுத்த தடவ அதே அளவுச் சிக்கல்ல யாரோ மாட்டுவாங்க, அதனால நான் சீட்டுக்கு அடியில அளவ எழுதி ஒட்டிட்டேன். பல மாசம் நிறுத்தி வெச்சு எடுத்தா முதல் சில நிமிஷம் தடதடன்னு ஒரு அதிர்வு இருக்கு, சூடானதும் போயிடுது, அதுக்காக மார்க் குறைக்கல. சாதாரண பெல்ட்ட விட விலை கூடத்தான், ஆனா டெக்க ரெண்டாவது தடவ எறக்குற வேலைய நெனச்சா எனக்கு அது பெருசா தெரியல.

டெக் பெல்ட்டும் பழசா இருந்தா அதையும் சேத்தே வாங்கிடுங்க, டெக் வெளிய கெடக்கும்போது மாத்த கொஞ்ச நேரம்தான் ஆகும்.